கியர் விழவில்லையா, முதலில் இன்ஜினை அணைத்துப் பாருங்கள்

நாமக்கல் பரமத்தி ரோடு சிக்னலில் பச்சை விழுந்தும் என் வண்டி நகராமல் நின்றதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். கிளட்சை முழுக்க மிதித்துத்தான் வைத்திருக்கிறேன், லீவரை முதல் கியருக்குத் தள்ளினால் சுவரில் முட்டின மாதிரி நின்றுவிடுகிறது. பின்னால் டவுன் பஸ் ஹாரன் விடாமல் அடிக்கிறது. கிளட்சை விட்டு மறுபடி மிதித்து, லீவரை இரண்டாவதுக்கு இழுத்து, அங்கிருந்து முதலுக்குத் தள்ளின பிறகுதான் 'டக்' என்று விழுந்தது. அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே வாரத்தில் ரிவர்ஸ் போடும்போதெல்லாம் 'கர்ர்ர்' என்று பல் கடிக்கிற சத்தம் வர ஆரம்பித்துவிட்டது. வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பினால் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம்.

வண்டி பத்து வயசான சின்னப் பெட்ரோல் கார். ஐந்து கியர், கேபிள் கிளட்ச். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தருகிறவன், வண்டி வேலை என் தொழில் கிடையாது. அதனால் யாரோ சொன்ன ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். அங்கிருந்தவர் ஏறி உட்கார்ந்து ரெண்டு தடவை கியர் போட்டுப் பார்த்துவிட்டு, "கிளட்ச் பிளேட் போயிருச்சு சார், செட்டா மாத்திரலாம்" என்றார். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், அப்புறம் கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றுகிற கூலி எல்லாம் சேர்த்து 9,200 ரூபாய். கழற்றின பழைய சாமான்களைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தேன். அப்படிக் கேட்டு வாங்கியது பின்னால் ரொம்ப உதவியது. ரெண்டு வாரம் வண்டி நன்றாக இருந்தது. மூன்றாவது வாரம் மறுபடியும் அதே 'கர்ர்ர்'.

என் தாய்மாமா முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். லாரித் தொழில் இல்லாத குடும்பத்தை நாமக்கல் பக்கம் தேடித்தான் பார்க்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அது மாமாதான். முதலிலேயே அவரிடம் போகாதது என் தப்பு, கார் வேறு லாரி வேறு என்று நினைத்துவிட்டேன். அவர் வந்ததும் காரைத் தொடவே இல்லை. "கழட்டுன பிளேட்டைக் கொண்டா" என்றார். திண்ணையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்து, விரல் நகத்தால் லைனிங்கைத் தடவிப் பார்த்தார். பிளேட்டில் லைனிங்கை, அதாவது பிடிமானம் தருகிற உராய்வுப் பகுதியை, இரும்புத் தகட்டோடு ரிவெட் அடித்திருப்பார்கள். லைனிங் தேயத் தேய ரிவெட் தலை மேலே தெரிய வரும், கடைசியில் அது இன்ஜினோடு சுற்றுகிற ஃப்ளைவீல் சக்கரத்தையே உரச ஆரம்பித்துவிடும். என் பிளேட்டில் எல்லா ரிவெட் தலையும் பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது, நகம் உள்ளே இறங்கி நின்றது. "இது நல்லாத்தான்டா இருக்கு மாப்ள. இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும்."

அப்புறம்தான் காருக்குப் போனார். அன்றைக்கு அவர் செய்த சோதனைக்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு ஸ்பேனர்கூட வேண்டியதில்லை. இன்ஜினை அணைக்கச் சொன்னார். கிளட்சை மிதித்துக்கொண்டு முதல், இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ரிவர்ஸ் என்று வரிசையாகப் போடச் சொன்னார். எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்தன. (நின்ற வண்டியில் சில நேரம் பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்று ஒரு கியர் மட்டும் முரண்டு பிடிக்கும். வண்டியை அரை அடி தள்ளிவிட்டுப் போட்டால் விழுந்துவிடும், அது கோளாறு கிடையாது.) இப்போது ஸ்டார்ட் செய்து அதே வரிசையில் போடச் சொன்னார். முதல் கியர் முட்டுகிறது, ரிவர்ஸ் கத்துகிறது.

"அப்ப கியர் பாக்ஸ் மேல பழி போடாத. கிளட்ச் கட் ஆகல, அவ்ளோதான்."

அவர் அப்போது சொன்னதை நான் என் பாஷையில் சொல்கிறேன். இன்ஜினோடு சேர்ந்து ஃப்ளைவீல் சுற்றுகிறது. அதோடு பிரஷர் பிளேட்டும் சுற்றுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கி நசுங்கிக்கொண்டிருப்பதுதான் கிளட்ச் பிளேட், அது சுற்றினால்தான் கியர் பாக்ஸுக்குள் போகிற ஷாஃப்ட் சுற்றும். நாம் பெடலை மிதித்தால் கேபிள் இழுத்து, ஃபோர்க் என்கிற நெம்புகோல் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளி, அது பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்களை அமுக்கி, பிடி விலக வேண்டும். விலகுவது எவ்வளவு தெரியுமா? ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அரைச் சாணுக்கு மேல் கால் கீழே போய், அது கேபிள், ஃபோர்க் என்று கைமாறிக் கைமாறிக் கடைசியில் அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டராகப் போய்ச் சேருகிறது. வழியில் எங்காவது கொஞ்சம் தூரம் தொலைந்துபோனால் பிடி முழுக்க விலகாது, மாமா சொன்ன 'கட் ஆகல' அதுதான். மிதித்திருந்தாலும் பிளேட் உரசிக்கொண்டே இருக்கும், உள்ளே ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். முன்னால் போகிற கியர்களில், பல் மாட்டுவதற்கு முன் இரண்டு பக்கச் சுற்றையும் சமமாக்குகிற சிங்க்ரோ வளையம் இருப்பதால் அவை சத்தமில்லாமல் முரண்டு மட்டும் பிடிக்கும். பெரும்பாலான பழைய கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, அதனால் அது மட்டும் வாய்விட்டுக் கத்தும். சிக்னலில் இரண்டாவதுக்கு இழுத்து முதலுக்குத் தள்ளினால் விழுந்ததற்கும் இதுதான் காரணம். இரண்டாவதின் சிங்க்ரோ அந்த ஷாஃப்டின் சுற்றைப் பிடித்து மட்டுப்படுத்தியிருக்கிறது.

இதை உறுதி செய்ய இன்னொரு சோதனை இருக்கிறது, நான் இப்போது எந்தக் காரில் ஏறினாலும் இதைச் செய்துவிடுவேன். வண்டி நிற்கிறது, இன்ஜின் ஐடிலில் ஓடுகிறது, நியூட்ரல். கிளட்சை முழுக்க மிதித்து, மனசுக்குள் ஏழெட்டு எண்ணிவிட்டு, ரிவர்ஸ் போடுங்கள். மிதித்த உடனே போட்டுச் சத்தம் வந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஷாஃப்ட் சுற்றி ஓய அவகாசம் வேண்டும். எண்ணி முடித்த பிறகும் கடித்தால் கிளட்ச் கட் ஆகவில்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

சரி, எங்கே தொலைகிறது அந்தத் தூரம்? மாமா பானெட்டைத் திறந்து, என்னை உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொன்னார். அவர் கண் கியர் பாக்ஸ் மேலே கேபிள் வந்து மாட்டுகிற லீவரில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் என்னை இறக்கிவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனை ஏற்றி மிதிக்கச் சொல்லி, என்னைப் பார்க்கச் சொன்னார். பெடல் இறங்க ஆரம்பித்த பிறகும் ஒரு கணம் லீவர் அசையவே இல்லை. கேபிளின் வெளி உறைதான் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் முதுகு வளைந்து எழுந்தது. அதற்குப் பிறகுதான் லீவர் நகர்ந்தது, அதுவும் பாதி தூரம். இன்னொன்றையும் காட்டினார். அட்ஜஸ்ட்மெண்ட் நட்டை மரை முடிகிற இடம் வரைக்கும் திருகி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் திருக ஒரு சுற்றுகூட மிச்சமில்லை. செட் மாற்றின பிறகு ரெண்டு வாரம் நன்றாக ஓடியதற்குக் காரணம் இப்போது புரிந்தது. புது பிளேட்டினால் சரியாகவில்லை, அந்த நட்டை இழுத்துப் பிடித்ததால்தான் தற்காலிகமாகச் சரியாகியிருந்தது.

கேபிளைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தோம். கருப்பு உறை இன்ஜின் சூட்டில் வெடித்து உள்ளே இருக்கிற சுருள் கம்பி வெளியே தெரிந்தது. உள் கம்பியை லேசாக வளைத்தபோது முறுக்கின இழைகளில் நாலைந்து அறுந்து மீசை மாதிரி குத்திட்டு நின்றன, ஒன்று என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. புது கேபிள் 480 ரூபாய். மாமாவே மாட்டினார், முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போட்டேன், சத்தமே இல்லை.

480 ரூபாய் வேலைக்கு 9,200 கொடுத்தோமே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனால் அந்த ஒர்க்‌ஷாப்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. "கியர் விழல" என்று மட்டும்தான் நான் அவரிடம் சொன்னேன். இன்ஜின் ஓடும்போதா, அணைத்தபோதா, எல்லா கியருமா, ஒன்று மட்டுமா, காலையிலா, சூடான பிறகா, ஒன்றுமே சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இதற்கு அடுத்து நடந்தது முழுக்க என் கையால் வந்தது. புது கேபிள் கொஞ்ச நாள் ஓடினதும் இழைகள் படிந்து சற்றே நீளும், அப்போது கிளட்ச் பிடிக்கிற இடம் கீழே இறங்கும். மாமாவைக் கூப்பிடாமல் நானே நட்டைத் திருகினேன். ரெண்டு சுற்று திருகினதும் கியர் இன்னும் லேசாக விழுகிற மாதிரி இருந்தது, அதனால் இன்னும் ரெண்டு சுற்று. பெடலில் விளையாட்டு, அதாவது ஃப்ரீ பிளே என்று ஒன்று இருக்கிறதே, அதைத் தொலைத்துவிட்டேன். கேபிள் கிளட்ச் உள்ள பல கார்களில் பெடலைக் கையால் அமுக்கினால் முதல் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை எதிர்ப்பே இல்லாமல் சும்மா போக வேண்டும் (சரியான அளவு உங்கள் வண்டி மேனுவலில் இருக்கும், அதைத்தான் நம்ப வேண்டும்). அந்தச் சும்மா போகிற தூரம் ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங் விரல்களைத் தொடாமல் ஓய்வாக இருப்பதற்கானது. அது இல்லையென்றால், கால் பெடலிலேயே இல்லாதபோதும் பேரிங் அந்த விரல்களை அமுக்கிக்கொண்டே இருக்கும். பாதி மிதித்த கிளட்ச் மாதிரி. டவுனுக்குள் ஓட்டினால் தெரியாது. சமதரையில் ஒரு ஆள் போனால் தெரியாது.

ஆடிப்பெருக்குக்குக் கொல்லிமலை போனோம். நான், மனைவி, பிள்ளைகள் ரெண்டு பேர், முன் சீட்டில் மாமா. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளியில் ஏற்றம் ஆரம்பிக்கும், மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். வல்வில் ஓரி விழாவும் அந்த நாளையொட்டியே நடப்பதால் கூட்டமான கூட்டம். மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி என்று விதி இருந்தாலும், நெரிசலில் இறங்கி வருகிற பஸ் வளைவுக்குள் மூக்கை நுழைத்துவிட்டால் நாம்தான் நடு ஏற்றத்தில் நின்றாக வேண்டும். அப்படி நின்று நின்று கிளம்பினேன். ஹேண்ட் பிரேக் போடச் சோம்பல்பட்டு ரெண்டு மூன்று இடத்தில் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்து நிறுத்தினேன்.

நாற்பது வளைவு தாண்டியிருக்கும். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை அமுக்குகிறேன், இன்ஜின் சத்தம் மேலே போகிறது, வண்டி போகவில்லை. இன்ஜின் சுற்றைக் காட்டுகிற ஆர்பிஎம் முள் 2,000லிருந்து 3,500க்கு ஏறுகிறது, வேக முள் 20லேயே நிற்கிறது. கூடவே ஒரு கருகல் வாசனை, பழைய பேப்பரும் ரப்பரும் சேர்ந்து தீய்ந்த மாதிரி. முதலில் முன்னால் போகிற லாரியின் பிரேக் என்று நினைத்தேன். மாமா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "நம்முளுதுதான். அந்த அகலமான இடத்துல ஓரங்கட்டு" என்றார்.

சக்கரத்துக்குப் பின்னால் கல் போட்டுவிட்டு, கையைக் கீழே விட்டு பெடலை அமுக்கிப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "நட்டைத் திருகுனயா?"

"திருகுனேனுங்க மாமா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் ஆற விட்டு, நட்டை நாலு சுற்று தளர்த்தினார். அதற்குப் பிறகு மீதி வளைவுகளை முதல் கியரில், கிளட்சை முழுக்க விட்டே, மெதுவாக ஏறினோம். நிற்க வேண்டி வந்தால் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். கிளம்பும்போது கிளட்ச் பிடிக்கிற இடம் வரை விட்டு, வண்டி முன்னால் லேசாக இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை இறக்கி, உடனே கிளட்சை முழுக்க விட்டுவிட வேண்டும். சோளக்காடு வந்து சேர்ந்தோம், அறப்பளீஸ்வரரையும் பார்த்தோம், ஆனால் பிளேட் போனது போனதுதான். ஒரு முறை நன்றாகச் சூடாகி மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் அது மறுபடி பழைய பிடிக்கு வருவது அரிது.

கிளட்ச் ஸ்லிப் ஆகிறதா, அதாவது பிடி வழுக்குகிறதா என்று வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துகொள்ளலாம், கொல்லிமலை வரை போக வேண்டியதில்லை. ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் நாலாவது கியரில் 40, 50 கி.மீ வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுக்க அமுக்குங்கள். ஆர்பிஎம் முள்ளும் வேக முள்ளும் சேர்ந்து ஏறினால் சரி. ஆர்பிஎம் மட்டும் துள்ளி எழுந்து, அப்புறம் வேகம் மெதுவாக வந்து சேர்ந்தால் ஸ்லிப். உயர்ந்த கியரில்தான் இது முதலில் தெரியும், முதல் இரண்டு கியரில் நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. இன்னொன்று, நின்ற இடத்திலேயே செய்கிற சோதனை: முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, நாலாவது கியர் போட்டு கிளட்சை விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் அந்த நொடியே திணறி அணைந்துவிடும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் உடனே கிளட்சை மிதித்துவிடுங்கள், பதில் கிடைத்துவிட்டது. இதை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், ஒவ்வொரு தடவையும் பிளேட்டைச் சுடுகிறோம்.

ஸ்லிப் என்று தெரிந்தவுடனும் பிளேட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, முதலில் ஃப்ரீ பிளே பார்க்க வேண்டும். பிளேட் தேயத் தேய ஸ்பிரிங் விரல்கள் பேரிங்கை நோக்கி நகர்ந்து வரும், கேபிள் கிளட்சில் ஃப்ரீ பிளே தானாகவே குறையும். அதனால் ஒரு வருஷமாக யாரும் தொடாத வண்டியில்கூட இது இல்லாமல் போயிருக்கும். ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் பிளேட் பிழைக்கும். என் விஷயத்தில் தாமதமாகிவிட்டது.

இந்தத் தடவை கியர் பாக்ஸ் இறக்கும்போது நான் கூடவே நின்றேன். வேறு ஒர்க்‌ஷாப், மாமாவுக்குப் பழக்கமான மெக்கானிக். எட்டு மாசம் முன்பு போட்ட பிளேட். முதலில் கழற்றின பழைய பிளேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழையது சாம்பல் நிறம், சொரசொரப்பு, குறுக்கே வெட்டின கோடுகள் தெளிவாக இருந்தன. புதியது கருத்து, வழவழவென்று, ஓரத்தில் முடி மாதிரி விரிசல். பிரஷர் பிளேட்டின் முகத்தில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகக் கறை. இரும்பு அந்த நிறத்துக்கு வர ரொம்பச் சூடு ஏறியிருக்க வேண்டும் என்று மெக்கானிக் அந்தத் திட்டில் விரலை வைத்துக் காட்டினார். ஃப்ளைவீலிலும் லேசாக இருந்தது. லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவி வாங்கினார். அந்தத் திட்டுகளோடு புது பிளேட்டை மாட்டினால் கிளம்பும்போதெல்லாம் வண்டி உதறும் என்றார். அவர் இன்னொரு காரியமும் செய்தார், அது எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே இருந்த கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் உண்டு, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. எந்தத் தூசியானாலும் ஊதாமல் இருப்பதே நல்லது. இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டுக்குப் பின்பக்கம் இருக்கிற ஆயில் சீலையும் விரலால் தடவிப் பார்த்தார், கசிவு இல்லை. கசிந்தால் எண்ணெய் பிளேட்டில் ஏறி, புதுச் செட்டும் வழுக்கும், உதறும். கியர் பாக்ஸ் இறக்கியிருக்கும்போது இந்த சீலைப் பார்க்காமல் ஏற்றவே விடாதீர்கள், கசிவு இருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். சீலின் விலை மறுபடி இறக்குகிற கூலிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஒரே கேபிள், தளர்ந்தபோது ஒரு நோய், இறுக்கினபோது நேர் எதிரான நோய். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரெண்டு செட் ஆகிவிட்டது.

அதற்கப்புறம் சொந்தக்காரர்கள், பள்ளிக்கூடத்து ஆட்கள் எல்லாம் வண்டியில் ஏதாவது என்றால் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். நான் மாமாவிடம் கேட்டுச் சொல்வேன், அப்படியே கொஞ்சம் கற்றுக்கொண்டேன். தங்கச்சி காரில் காலையில் மட்டும், அதுவும் முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது மட்டும் 'கர்ர்' என்று கேட்டது. பத்து நிமிஷம் ஓடினால் சரியாகிவிடும். முன்னால் போகிற கியர்களில் ஒன்று மட்டும் கடித்தால் அது கிளட்ச் இல்லை. கிளட்ச் கட் ஆகாவிட்டால் எல்லா கியரும்தான் சேர்ந்து தொந்தரவு செய்யும். குறிப்பிட்ட கியர் மட்டும் என்றால் அதன் சிங்க்ரோ, இல்லையென்றால் கியர் ஆயில். மாமா டபுள் கிளட்ச் போட்டுப் பார்க்கச் சொன்னார். சிங்க்ரோ இல்லாத காலத்து லாரி டிரைவர்களுக்கு அது தினசரிப் பழக்கம்: மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, மறுபடி மிதித்து அடுத்த கியர். கீழ் கியருக்கு இறங்கும்போது நியூட்ரலில் கொஞ்சம் ரேஸ் கொடுக்க வேண்டும். அப்படிப் போட்டால் சத்தமில்லாமல் விழுகிறது, சாதாரணமாகப் போட்டால் கடிக்கிறது என்றால் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தங்கச்சி காரில் ஆயிலை வடித்தபோது தேவையான அளவைவிட ரொம்பக் குறைவாகத்தான் வந்தது, அதுவும் பிசின் மாதிரி. மேனுவலில் சொன்ன கிரேடைத் தேடிப் பிடித்து ஊற்றினோம். இதில் ஒரு எச்சரிக்கை: மேனுவல் ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தர வகை) என்று சொல்லியிருந்தால் ஜிஎல்-5 இன்னும் உசத்தி என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். அதில் அழுத்தம் தாங்குவதற்காகச் சேர்க்கிற கந்தகச் சேர்மானம் அதிகம், சில வகைகள் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கும், சிங்க்ரோவுக்கு வேண்டிய உராய்வையும் குறைத்துவிடும். ஆயில் மாற்றின பிறகு அவள் காரில் சத்தம் முழுக்கப் போகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் குறைந்தது. கியர் பாக்ஸைப் பிரிக்கிற செலவை இப்போதைக்குத் தள்ளிப்போட்டிருக்கிறோம், அவள் இரண்டாவதை அவசரப்படாமல் போடுகிறாள்.

இன்ஜின் அணைத்திருக்கும்போதும் லீவர் முரண்டு பிடித்தால் வழி வேறு. லீவரிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகிற கேபிள், ராடு, அது மாட்டுகிற இடத்தில் இருக்கிற புஷ் வளையம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். புஷ் போனால் லீவர் கஞ்சியில் விட்ட கரண்டி மாதிரி ஆடும், மூன்றாவது போட நினைத்தால் ஐந்தாவது போகும். போட்ட கியர் தானாகக் கழண்டு நியூட்ரலுக்கு வந்தால் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற மவுண்ட்டிங்கை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கியர் பாக்ஸ் உள்ளே போங்கள். மவுண்ட்டிங் உடைந்து இன்ஜின் ஆடினால்கூடச் சில வண்டிகளில் கியர் கழலும், கிளம்பும்போது உதறவும் உதறும்.

ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் கேபிள் கிடையாது, பிரேக் ஆயில்தான் வேலை செய்கிறது. கூட வேலை செய்கிற ஒருவர் காரில் பெடல் கீழே போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. நாலைந்து தடவை பம்ப் அடித்தால் கியர் விழும், கொஞ்ச நேரம் விட்டால் விழாது. இப்படி இருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது அல்லது சீல் போயிருக்கிறது. பெடலுக்கு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம் விரலை விட்டுத் தடவினால் ஈரம், கார்ப்பெட்டும் நனைந்திருந்தது. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான், அதனால் ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு ஓட்டிவிடலாம் என்று இருக்காதீர்கள், எங்கே போகிறது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

சத்தத்துக்கு ஒரே ஒரு விஷயம். நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது, கால் கிளட்சில் இல்லாமல் 'ம்ம்ம்' என்று இரைச்சல் இருந்து, மிதித்தால் நின்றுவிட்டால் அது கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். சும்மா இருக்கும்போது அமைதியாக இருந்து, மிதித்தால் மட்டும் 'கீய்ங்' என்று வந்தால் ரிலீஸ் பேரிங். இரண்டையும் மாற்றிச் சொன்னால் செலவும் மாறிப்போகும்.

இப்போது மெக்கானிக்கிடம் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போகிறேன். இன்ஜின் அணைத்தால் எப்படி, ஓடினால் எப்படி, எந்தெந்த கியர், காலையிலா சூட்டிலா, பெடல் எங்கே பிடிக்கிறது, ஏழெட்டு எண்ணி ரிவர்ஸ் போட்டால் என்ன ஆகிறது. நல்ல மெக்கானிக் அந்தச் சீட்டைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார், அவருக்கும் அரை நாள் மிச்சம். கழற்றின சாமானைக் கேட்டு வாங்குவதையும் விடவில்லை. ஓட்டும்போது இடது காலை கிளட்ச் மேல் வைத்துக்கொண்டே போகிற பழக்கத்தை விட எனக்கு ஆறு மாசம் ஆனது. சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடுகிறேன்.

போன மாசம் நண்பர் ஒருவருக்குப் பழைய கார் பார்க்கத் திருச்செங்கோடு போனோம். வண்டி சுத்தமாக இருந்தது, உள்ளே தடியான புது மேட் போட்டுப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். கிளட்சை மிதித்து எட்டு எண்ணி ரிவர்ஸ் போட்டேன், 'கர்ர்' என்றது. நண்பர் உடனே என்னைப் பார்த்தார், செட் மாற்றுகிற காசை விலையில் குறைத்துக் கேட்கலாம் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. பானெட்டைத் திறந்து கேபிளைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது, நட்டில் மரை தாராளமாக மிச்சம் இருந்தது. மறுபடி ஏறி உட்கார்ந்து, பெடலுக்கு அடியில் கையை விட்டேன். மேட்டின் ஓரம் மடிந்து பெடலுக்குக் கீழே ரெண்டு விரல் உயரத்துக்குத் திண்டு மாதிரி நின்றது. அதை இழுத்துப் பின் சீட்டில் போட்டுவிட்டு மிதித்தேன், பெடல் தரை வரை போனது. எட்டு எண்ணினேன். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. விற்கிறவரிடம் அதைச் சொல்லிவிட்டு, நாலாவது கியர் சோதனைக்கு ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.